காதர் பாய் நிமிர்த்திய தூண்கள்

மூன்று காலில் நிற்கிறது, தலையைச் சுற்றுகிறது, நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆலை முழுவதையும் அளந்துவிடுகிறது. லேசர் கருவியாம். நான் வேலை பார்த்த வரைபட அலுவலகத்தில் இப்போது பொறியாளராக இருக்கும் மாலதி, "நீங்க பாத்தே ஆவணும்க்கா" என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினாள். கணினித் திரையில் பாய்லரும் குழாய்களும் புள்ளி புள்ளியாக மிதந்தன. வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

"இது இல்லாத காலத்துல, இடிஞ்சு போன ஒண்ண எப்பிடிக்கா வரைஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"போட்டோவ வெச்சு."

"போட்டோவுல அளவு இருக்காதே?"

"இருக்கும். அதுங்கிட்ட கேக்கத் தெரியணும்."

பதில் கெத்தாகத்தான் வந்துவிட்டது. ஆனால் அவள் விடவில்லை. எப்படிக் கேட்பீர்கள், அது எப்படிச் சொல்லும் என்று திரும்பும் வழியெல்லாம் துளைத்துவிட்டாள். எழுதித் தருகிறேன், ஆளை விடு என்று சொல்லித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

என் ஊர் அதியமான்கோட்டை. குடியானவர் வீட்டுப் பெண். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேலத்தில் டிராயிங் படித்தேன். பொம்பளப் பிள்ளைக்குக் கோடு போட எதற்குப் படிப்பு, வாசலில் போட்டால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல் படித்து முடித்து, அறுபதுகளின் நடுவில் தருமபுரியில் கிருஷ்ணராவ் சாரின் அலுவலகத்தில் டிரேசராகச் சேர்ந்தேன். மற்றவர்கள் வரைந்ததை மெல்லிய துணித்தாளில் மையால் படியெடுக்கும் வேலை. கொஞ்ச காலத்தில் நானே வரையத் தொடங்கினேன்.

ராவ் சார் ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். பட்டாளத்தில் நில அளவைப் பிரிவில் இருந்தவர். விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துப் பாலம் எங்கே, கிடங்கு எவ்வளவு உயரம் என்று கணக்குப் போடுவது அங்கே அவர் வேலை. கோபம் வந்தால் கத்த மாட்டார். நாம் வரைந்ததைப் பார்த்துவிட்டு, "ஹௌதா?" என்பார். கன்னடத்தில் "அப்படியா?" என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்கு அலுவலகமே நடுங்கும். அந்த "ஹௌதா"வுக்குப் பிறகு எது தப்பு என்று அவர் சொல்லவே மாட்டார். நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். முதல் வருடம் அவரைப் பலமுறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். எதிரே சொல்லவும் செய்தேன்: "தப்பு எதுன்னு சொன்னா வேல சீக்கிரம் முடியும்ல சார்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஹௌதா?" என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆலைகள் பலவற்றுக்கு வரைபடமே கிடையாது. எங்கோ மூடிய ஆலையிலிருந்து பழைய இயந்திரங்களை லாரியில் கொண்டு வருவார்கள். மேஸ்திரி கண்பார்வையில் குழாய் ஓட்டிவிடுவார். ஏதாவது இடிந்தாலோ எரிந்தாலோ அங்கே என்ன இருந்தது என்று சொல்லக் காகிதம் இருக்காது. ஆனால் போட்டோ இருக்கும். எப்படியும் இருக்கும். ஆயுத பூஜைக்கு வாழைமரம் கட்டி, இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி மாலை போட்டு, முதலாளி முதல் கூட்டுகிறவர் வரை அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத ஆலை எங்கள் மாவட்டத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ராவ் சார் அந்தப் படங்களைத்தான் தேடிப் பிடிப்பார்.

அவருடைய முறையின் அடிப்படை இதுதான். கேமராவுக்கு ஒரே கண், அதை முழுக்க நம்ப முடியாது. கொத்தனாரும் ஃபிட்டரும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்து வேலை செய்தவர்கள், அவர்களை நம்பலாம். தூண் செங்குத்து. தரை மட்டம். சுவரும் சுவரும் சேரும் மூலை செங்கோணம். குழாய் தொடக்கத்தில் என்ன பருமனோ கடைசியிலும் அதே பருமன். இந்த நிபந்தனைகளைப் படத்தின் மேல் ஒவ்வொன்றாகச் சுமத்திக்கொண்டே போனால், படம் வேறு வழியில்லாமல் உண்மையான அளவைக் கக்கிவிடும்.

இதில் நான் முதலில் அடிபட்டது ஒகேனக்கல்லில். காவிரி வெள்ளத்தில் ஒரு பம்ப் கொட்டகை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதே அளவில் திரும்பக் கட்ட வேண்டும். கிடைத்ததோ ஒரு குடும்பம் மீன் வறுவல் தின்றுகொண்டிருக்கும் படம். அவர்களுக்குப் பின்னால் கொட்டகையும், அதன் சுவரில் சாய்த்து வைத்த ஒரு பரிசலும் தெரிந்தன. பரிசல் வட்டம்தானே, படத்தில் அது எவ்வளவு நசுங்கித் தெரிகிறதோ அதை வைத்துச் சுவரின் கோணத்தைப் பிடித்துவிடலாம் என்று நான் பெருமையாகக் கணக்குப் போட்டேன். கொட்டகை கோணல் மாணலாக வந்தது. "ஹௌதா?" என்றார் சார். பஸ் பிடித்து ஒகேனக்கல் போய், கரையில் கிடந்த பரிசல்களை டேப் வைத்து அளந்தேன். ஒன்றுகூட முழு வட்டம் இல்லை. பரிசல்காரர் ஒருவர், "மூங்கில் வளையற பக்கந்தானம்மா நாம வளைக்க முடியும்" என்று சிரித்தார். கையால் செய்த வட்டத்தை நம்பாதே, லேத்தில் கடைந்த வட்டத்தை நம்பு என்று அன்றைக்குப் புரிந்தது. அந்தப் பாடம்தான் பிறகு ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றியது.

எழுபதுகளின் தொடக்கம். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டார்ச் ஆலை. குச்சிக்கிழங்கை அரைத்து மாவெடுத்து, நீராவியில் சூடாகும் கொட்டகையில் உலர்த்துவார்கள். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் ஒரு நாள் நீராவிக் குழாய் வெடித்தது. கன்னியப்பன் என்ற தொழிலாளிக்குத் தோளும் கையும் வெந்துபோயின. உயிர் தப்பியது. பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முனுசாமி. வெடித்ததும் அவர் நீராவி வால்வை மூடவில்லை, ஓடிவிட்டார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

முனுசாமி சொன்னது வேறு. பாய்லரை ஒட்டி ஆள் நிற்க ஒரு இரும்பு மேடை உண்டு. வால்வு அந்த மேடைக்குப் பக்கத்தில் இல்லை, சாம்பல் குழிக்கு அந்தப் பக்கம் இருந்தது. மேடையிலிருந்து குழிக்கு மேலே குறுக்கே பலகை போட்டு நடந்து போய்த்தான் அதைத் திருக வேண்டும். அன்றைக்கு அந்தப் பலகையைத் தீபாவளிக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் சாரத்துக்காக எடுத்துப் போயிருந்தார்கள். பலகையைக் கொண்டுவரத்தான் ஓடினேன் என்றார்.

ஆலைப் பொறியாளர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "பலகை எல்லாம் பழைய கதை. மேடையை வால்வு வரைக்கும் நீட்டச் சொல்லி நான் போன வருஷமே உத்தரவு போட்டேன். கை நீட்டினால் வால்வு" என்றார். இருவரில் யார் சொல்வது உண்மை என்று பார்க்க அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆலையைச் சீக்கிரம் ஓட்ட வேண்டும் என்ற அவசரத்தில் மேடை, குழாய், வால்வு எல்லாவற்றையும் அறுத்து அள்ளிவிட்டு, சுவரைப் பூசி வெள்ளையும் அடித்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையானவர். ஆயுத பூஜை அன்று பாய்லர் அறையில் எடுத்த இரண்டு படங்கள் இருப்பது தெரிந்ததும், இரு தரப்பின் சம்மதத்தோடு அவற்றை ராவ் சாரிடம் கொடுத்தார். மேடையின் கைப்பிடிக் கம்பிக்கும் வால்வுக்கும் இடையே எவ்வளவு தூரம்? அது ஒன்றுதான் கேள்வி. சார் படங்களை என் மேசையில் வைத்தார்.

ஒரு படத்தில் தொழிலாளர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். இன்னொன்றில் முதலாளி குடும்பம். இரண்டிலும் வாழைமரம் பாதியை மறைக்கிறது. தலைகளுக்கு மேலே கைப்பிடியின் கடைசிக் கம்பியும், மாலை போட்ட வால்வுச் சக்கரமும், அதை ஒட்டிய ஃபிளாஞ்சும் தெரிந்தன. ஃபிளாஞ்சு என்பது இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு.

படத்தைப் பெரிய பலகையில் ஒட்டி, ஜன்னலின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, செங்கல் வரிசை எல்லாவற்றின் மேலும் ஊசி குத்தி நூல் கட்டினேன். உண்மையில் இணையாக ஓடும் கோடுகள் படத்தில் ஒரே புள்ளியை நோக்கி ஓடும். ரயில் தண்டவாளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சுவரின் புள்ளி எங்கள் அறைக்குள்ளேயே விழுந்தது. இன்னொரு சுவரின் புள்ளியோ பலகையைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, சந்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடைக்குள் போய் விழுந்தது. கடைக்காரர் தன் சுவரில் நான் ஆணி அடிக்கச் சம்மதித்தார். நூலில் டியூப் காயப் போட மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார். சந்தில் போகிறவர்கள் குனிந்து போனார்கள்.

சுவர்கள் இரண்டும் செங்கோணம் என்பதால், அந்த இரண்டு புள்ளிகளையும் விட்டமாக வைத்து அரைவட்டம் போட்டால் கேமராவின் கண் அதன் மேல்தான் எங்கோ இருக்கும். படத்தின் நடுவிலிருந்து அந்த விட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் அது வெட்டுகிற இடமே கண். இரண்டு படங்களுக்கும் கண்ணைக் கண்டுபிடித்து, இரண்டிலிருந்தும் வால்வை நோக்கிக் கோடு போட்டால் அவை சந்திக்கும் இடம் வால்வு. கைப்பிடிக் கம்பிக்கும் அதேபோல. தூண்கள் படத்தில் ஊசி மாதிரி நேராக நின்றதால் கேமரா சாயவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் அப்படியே நிற்கும் ஜன்னலை நேரில் அளந்து அதையே அளவுகோலாக வைத்து, இப்படி எல்லாம் முடித்து அளந்து பார்த்தேன். கை நீட்டினால் வால்வு. பொறியாளர் சொன்னதுதான் சரி.

அந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் அன்று காலையில்தான் முனுசாமி அலுவலகத்துக்கு வந்திருந்தார். நல்ல உயரம், தழும்பேறிய கைகள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வேல போனாக்கூடப் பொழச்சுக்குவனுங்க டிராயிங்கம்மா. கூட நின்னவன வேவ வுட்டுட்டு ஓடிட்டான்னு சொல்றாங்க பாருங்க, அதான் தாங்க முடியல. கன்னியப்பன் மூஞ்சியத் திருப்பிக்கிறான். அவன் வூட்டு வழியாப் போவ முடியலீங்க."

கோடு என்ன சொல்லுமோ அதைத்தான் சொல்ல முடியும் என்றேன். சொல்லும்போதே என் மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

விடையை ராவ் சாரிடம் காட்டினேன். "இது சரியில்ல சார்" என்றேன்.

"யாக்கெ? ஏன்?"

"அவரு பொய் சொல்ற ஆள் இல்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "விடை பிடிக்கலேன்னா அது ஒரு காரணமே இல்லம்மா. அந்த விடைய வுட்டுடு. மத்த எல்லாத்தையும் பாரு. படத்துல வேற எதாவது சொல்றத கேக்காம நிக்குதா? இருந்தா சொல்லு, திரும்பப் போடுவோம். இல்லேன்னா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருவோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் பிடிக்கலதான்" என்றார். அவர் அவ்வளவு பேசியதே அதிசயம்.

திரும்ப உட்கார்ந்தேன். வால்வைத் தொடவில்லை. தூண், ஜன்னல், குழாய் என்று ஒவ்வொன்றையும் என் கணக்குப்படி, நேர் எதிரே நின்று பார்ப்பது போல வரைந்து பார்த்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒழுங்காகத்தான் இருந்தன. கடைசியில் ஃபிளாஞ்சை வரைந்தேன். முட்டையாக வந்தது. அளவை மாற்றிப் போட்டேன், மீண்டும் முட்டை. இரண்டாவது படத்திலும் முட்டை. பரிசல் என்றால் பரவாயில்லை, இது லேத்தில் கடைந்த தகடு. முட்டை வடிவில் கடைய எந்த லேத்தாலும் முடியாது. ஃபிளாஞ்சு பொய் சொல்லாது என்றால் படம்தான் பொய் சொல்கிறது.

சாரிடம் ஓடினேன். அவர் முட்டையைப் பார்த்தார். "ஹௌதா!" என்றார். அந்தச் சொல்லை அவர் சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

படம் எடுத்தவர் காதர் பாய். கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஊரில் கல்யாணம், காதுகுத்து, ஆயுத பூஜை எல்லாம் அவர் கேமராதான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"எம் படத்துல குத்தமாம்மா? ஃபோகஸ் போயிருக்கா?"

"குத்தமே இல்ல பாய். ரொம்ப நேரா இருக்கு. அதான் சந்தேகம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுவா! அது நான் நிமித்துனதும்மா. அந்த ரூம்புல பின்னால போவ எடமில்ல. பாய்லரு ஒசரம். கேமராவத் தூக்கிப் புடிச்சாத்தான் மாலை வரைக்கும் வரும். தூக்கிப் புடிச்சா தூணெல்லாம் உள்பக்கமா சாஞ்சுக்குது. பிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டற படம். எம் பில்டிங்கு சாஞ்சிருக்குதாய்யான்னு மொதலாளி கேப்பாரு. அதனால பிரிண்டு போடறப்ப அடியில காகிதம் வெக்கற பலகையச் சாய்ச்சு வெச்சு, தூண நிமித்திடுவன். ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிடுவன். இந்த ஊர்ல வேற யாருக்கும் இது வராதும்மா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் நான் கணக்குப் போட்டது ஆலையை இல்லை, காதர் பாயின் கைவண்ணத்தை. கேமரா சாய்ந்திருக்கிறது, படத்தின் நடு என்று நான் நம்பியது நடுவே இல்லை, அப்புறம் கண் எப்படிச் சரியான இடத்தில் விழும்?

"நெகட்டிவ் இருக்கா பாய்?"

"எங்கிட்ட இல்லாமயா?" என்று அலமாரியைத் திறந்தார். எதையும் சாய்க்காமல், வெட்டாமல் அப்படியே பெரிதாக்கிக் கேட்டேன். அவருக்கு மனசே இல்லை. "கோணலா இருக்கற படத்த எம் பேர்ல குடுக்கறதா?" என்று முனகிக்கொண்டேதான் போட்டுக் கொடுத்தார்.

புதிய படத்தில் தூண்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. எனக்கு அவ்வளவு அழகான படமாகத் தெரிந்தது. அந்தச் சாய்வுக்கும் ஒரு புள்ளி உண்டு. அது கூரையைத் தாண்டி மேலே போகும் என்பதால் பலகையைப் படுக்கப் போட்டு, நூலைத் தரையோடு வாசல் வரை ஓட்டினோம். மூன்று புள்ளிகள் கிடைத்துவிட்டால் கேமராவின் கண்ணும் சாய்வும் சேர்ந்தே கிடைக்கும். ராவ் சார் தரையில் மண்டி போட்டு நூலைப் பிடித்துக்கொண்டார். முதலில் ஃபிளாஞ்சை வரைந்தேன். வட்டம். காம்பஸை வைத்துப் பார்த்தேன், முழு வட்டம். அதற்குப் பிறகுதான் வால்வுக்குப் போனேன்.

கைப்பிடியின் கடைசிக் கம்பி, மேடையின் பழைய காலை இறுக்க அடித்து, ஆலைத் தரையில் இன்னும் மிச்சமிருந்த போல்டுக்கு நேர் மேலே வந்து நின்றது. மேடை நீட்டப்படவே இல்லை. அங்கிருந்து வால்வுக்கு ஒரு ஆள் படுத்தாலும் எட்டாத தூரம். நடுவில் சாம்பல் குழி.

இன்னொன்றும் கிடைத்தது. படத்தில் வாழை இலைக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகச் சின்னக் கோடு ஒன்று இருந்தது. கறை என்று விட்டிருந்தேன். இரண்டு படத்திலும் இருந்ததால் அதன் இடத்தையும் கணக்கிட்டேன். மேடையின் தரை மட்டத்துக்குச் சரியாக, வால்வுக்கு நேர் கீழே சுவரில் வந்தது. பலகையின் மறுமுனையைத் தாங்க ஒரு இரும்பு வேண்டுமே, அது இங்கேதான் இருக்க வேண்டும்.

அதிகாரி முன்னிலையில் எல்லோரும் பாய்லர் அறையில் கூடினோம். பொறியாளர், முனுசாமி, கையில் கட்டோடு கன்னியப்பன். வரைபடத்தைப் பார்த்துப் பொறியாளர், "இது வெறும் கோடு" என்றார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் நியாயம்தான். சார் என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பிடித்து மூலையிலிருந்து அளந்து, புது வெள்ளைச் சுவரில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டேன். "இங்க கொத்திப் பாருங்க. ஒண்ணும் இல்லேன்னா எங்க வரைபடத்தக் கிழிச்சுப் போட்டுடுங்க."

கொத்தனார் உளியை வைத்து இரண்டு தட்டு தட்டினார். பூச்சு உதிர்ந்தது. சுண்ணாம்பு, செங்கல். மூன்றாவது தட்டில் டங்கென்று சத்தம். அறுத்தெடுத்த இரும்புக் கோணத்தின் அடிக்கட்டை, துரு படிந்து, நான் போட்ட வட்டத்துக்குள் இருந்தது.

பொறியாளர் அருகே போய் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். "நீட்டியாச்சுன்னு சொன்னாங்க. நான் ஏறிப் பாக்கல" என்றார் அதிகாரியிடம். அதைச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும். முனுசாமி அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கன்னியப்பன் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாடா. பலகைக்குத்தான்டா ஓடுனன்."

கன்னியப்பன் கட்டுப் போடாத கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முனுசாமி திரும்ப வேலைக்குப் போனார். அடுத்த ஆயுத பூஜைக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். பொறியாளரே வந்து கூட்டிப் போனார். வாழைமரம், சந்தனம், மாலை எல்லாம் பழையபடிதான். காதர் பாய் கேமராவைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். ஆலை அலுவலகத்துக்கு நிமிர்த்திய பிரிண்டு போனது. எனக்கு மட்டும், "இந்தாங்கம்மா, ஒங்களுக்குன்னு கோணலாவே போட்டன்" என்று நெகட்டிவில் இருந்தபடியே ஒன்று கொடுத்தார்.

அது இன்றும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் பிரேம் சாய்ந்திருக்கிறது என்று நினைத்துச் சரிசெய்யப் போவார்கள். போன வாரம் மாலதியும் கையை வைத்தாள். தொடாதே, அந்தத் தூண்கள் சாய்ந்தபடியே இருக்கட்டும், வலது ஓரத்தில் நிற்கிறவரைப் பார் என்றேன். புதிதாக நீட்டிய மேடையில் முனுசாமி நிற்கிறார். பலகை எதுவும் இல்லை. அவருடைய கை வால்வுச் சக்கரத்தின் மேல் இருக்கிறது.